எள்ளளவு திசுவுக்கு எத்தனை பில்?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

இரைப்பைப் புண்ணைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, புண் ஆறவில்லை என்றால் எண்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து பயாப்ஸி (ஆய்வுக்கான சிறு திசுத் துண்டு) எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியவை. வலிக்குமா, ஆபத்தா என்று கேட்டவர்களைவிட, எவ்வளவு ஆகும், ஏன் அவ்வளவு ஆகிறது என்று கேட்டவர்களே அதிகம். கட்டணம் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒரு தொகையைச் சொல்வதில் பயனில்லை. அந்தத் தொகை எப்படிச் சேருகிறது, எதில் குறைக்கலாம், எதில் கைவைக்கக் கூடாது என்பவற்றை எல்லா இடத்துக்கும் பொதுவாகச் சொல்ல முடியும்.

கேள்வி: என் தந்தைக்கு இரைப்பை எண்டோஸ்கோப்பிக்கு ஒரு தொகை சொன்னார்கள், கட்டினோம். முடிந்து வெளியே வந்ததும் பயாப்ஸி எடுத்ததற்கு ஒரு பில், ஆய்வகத்துக்கு ஒரு பில். ஒரு வாரம் கழித்து 'சிறப்புச் சாயம்' என்று இன்னொரு பில். எடுத்தது எள்ளளவு திசு. ஆன நேரம் பத்து நிமிடம்கூட இல்லை. இது நியாயமா?

பதில்: எள்ளளவு என்று நீங்கள் எழுதியிருப்பது மிகையில்லை. எண்டோஸ்கோப்பிக் குழாயின் உள்ளே ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை செல்கிறது. அதன் வழியாக நுழையும் மெல்லிய இடுக்கி கிள்ளி எடுக்கும் துண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. ஒரு துண்டைக் கிள்ள சில வினாடிகளே ஆகும். ஆனால் நீங்கள் கட்டிய பணத்தில் அந்தச் சில வினாடிகளின் பங்கு மிகக் குறைவு. அதற்கு முன்பும் பின்பும் நடப்பவற்றுக்குத்தான் பெரும்பகுதி போகிறது.

முன்பு நடப்பது: ஒரு நோயாளிக்குப் பயன்படுத்திய குழாயை அடுத்தவருக்குப் பயன்படுத்துவதற்கு முன், உள்துளைகளைத் தூரிகை விட்டுக் கையால் தேய்த்துக் கழுவி, உயர்நிலைக் கிருமிநீக்கம் செய்து, அலசி, காற்றுவிட்டு உலர்த்த வேண்டும். பரிசோதனைக்கு ஆகும் நேரத்தைவிட இதற்கு ஆகும் நேரம் அதிகம். அதற்கென்று தனி அறை, தனி ஆள், தனி இயந்திரம் வேண்டும். மருத்துவர், செவிலியர், உயிர்வளி அளவைக் காட்டும் கருவி, மயக்கம் தெளியும்வரை படுத்திருக்க ஒரு கட்டில் ஆகிய செலவுகளும் இதில் சேரும். உங்களிடம் முதலில் சொன்ன தொகை பெரும்பாலும் இந்தப் பகுதிக்கானது.

பின்பு நடப்பதை நோயாளிகள் பார்ப்பதில்லை. செவிலியர் இடுக்கியின் நுனியில் ஒட்டியிருக்கும் துண்டை ஊசிமுனையால் தொட்டு விடுவித்து, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் நிரம்பிய சிறு குப்பிக்குள் இடுகிறார். குப்பியில் பெயரும், எந்த இடத்தில் எடுத்தது என்பதும் எழுதப்படுகின்றன. ஆய்வகத்தில் அந்தத் துண்டு ஆல்கஹாலில் நீர் நீக்கப்பட்டு, சைலீனில் தெளிவாக்கப்பட்டு, உருகிய பாரஃபின் மெழுகில் ஊறுகிறது. இந்த வேலையை இயந்திரம் பெரும்பாலும் இரவு முழுவதும் செய்கிறது. மறுநாள் காலை ஒரு தொழில்நுட்பர் அந்தத் துண்டைச் சரியான பக்கம் திருப்பி மெழுகுக் கட்டியில் பதிக்கிறார். அந்தக் கட்டியைத்தான் 'பிளாக்' என்கிறார்கள். அதிலிருந்து மூன்று முதல் ஐந்து மைக்ரான் தடிமனில், அதாவது தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, ஏடுகள் சீவப்பட்டுக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டப்பட்டுச் சாயமேற்றப்படுகின்றன. பிறகு நோய்க்கூறியல் நிபுணர் ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுகிறார். வழக்கமான சாயத்தில் தெளிவாகத் தெரியாத ஒன்றைத் தேட வேண்டியிருந்தால், அதே கட்டியிலிருந்து மேலும் ஏடுகள் சீவி வேறு சாயம் ஏற்றுவார். உங்களுக்கு ஒரு வாரம் கழித்து வந்த பில் இதற்காகத்தான் இருக்கும்.

ஆக, பில் பலவாக வந்ததில் தவறில்லை. வேலை செய்தவர்களும் பலர். தவறு, முன்கூட்டிச் சொல்லாததில் இருக்கிறது. பயாப்ஸி தேவைப்படுமா என்பது உள்ளே பார்த்த பிறகுதான் தெரியும் என்பது உண்மையே. ஆனால் தேவைப்படக்கூடும் என்பது எந்த மருத்துவருக்கும் முன்பே தெரியும். ஆகவே பயாப்ஸி இல்லாமல் எவ்வளவு, பயாப்ஸியோடு எவ்வளவு என்று இரண்டு தொகைகளைச் சொல்வதே முறை என்பது என் கருத்து. ஒரே தொகையைச் சொல்லி வரவழைத்துவிட்டு, நோயாளி மயக்கம் தெளிந்து எழுந்ததும் மீதியைச் சொல்வது, சட்டப்படி சரியாகவே இருந்தாலும், முறையில்லை.

கேள்வி: இரண்டு மருத்துவமனைகளில் விசாரித்தேன். ஒன்றில் சொன்ன தொகை மற்றதில் சொன்னதில் ஏறக்குறையப் பாதிதான். குறைந்த இடத்துக்குப் போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் இரண்டு தொகைகளும் ஒரே பொருளுக்குத்தானா என்று தெரிந்துகொண்ட பிறகு போங்கள். ஒரு மருத்துவமனை சொன்னது எல்லாம் அடங்கிய தொகுப்புக் கட்டணமாகவும், இன்னொன்று சொன்னது எண்டோஸ்கோப்பிக்கு மட்டுமான கட்டணமாகவும் இருந்தால், குறைவாகத் தெரிவது கடைசியில் அதிகமாகவும் முடியலாம்.

தொலைபேசியில் கேட்கும்போது, "எண்டோஸ்கோப்பிக்கு எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். மருத்துவர் கட்டணம், அறைக் கட்டணம், மயக்க மருந்து, அதைக் கொடுக்கும் நிபுணரின் கட்டணம், பயாப்ஸி இடுக்கி, ஆய்வகக் கட்டணம் ஆகியவற்றில் எவையெல்லாம் இந்தத் தொகையில் அடங்கும் என்று கேளுங்கள். முன்பரிசோதனைகளையும் விட்டுவிடாதீர்கள். இரத்த அணுக்கள், இரத்தம் உறையும் தன்மை, இ.சி.ஜி. என்று ஒரு பட்டியல் சில இடங்களில் எல்லாருக்கும் பொதுவாக நீட்டப்படுகிறது. வேறு நோய் எதுவும் இல்லாத, இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எதுவும் சாப்பிடாத ஓர் இளைஞருக்கு இவை எல்லாம் தேவையா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அண்மையில் வேறு காரணத்துக்காகச் செய்த முடிவுகள் கையில் இருந்தால், அவற்றை ஏற்றுக்கொள்வார்களா என்றும் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஆய்வகம் கட்டணத்தை எதை எண்ணிப் போடுகிறது? பெரும்பாலான ஆய்வகங்கள் திசுத் துண்டுகளை எண்ணுவதில்லை, குப்பிகளை எண்ணுகின்றன. ஏனென்றால் ஒவ்வொரு குப்பியும் தனி மெழுகுக் கட்டியாகி, தனி ஸ்லைடாகி, அறிக்கையில் தனிப் பத்தியாகிறது. ஒரே இடத்தில் எடுத்த ஐந்து துண்டுகள் ஒரே குப்பியில் போனால் ஒரு கட்டணம். ஐந்து குப்பிகளில் போனால் ஐந்து. பயாப்ஸியின் மொத்தச் செலவை ஒரே நாளில், ஒரே மருத்துவமனையில், ஒரே மருத்துவரிடம் இரண்டு நோயாளிகளுக்கு வெவ்வேறாக ஆக்குவது பெரும்பாலும் இந்தக் குப்பி எண்ணிக்கைதான்.

இடமும் கணக்கில் வரும். உள்நோயாளிகளைச் சேர்க்கும் பெரிய மருத்துவமனையின் அறைக் கட்டணம், பகல்நேரச் சிகிச்சை மையத்தின் அறைக் கட்டணத்தைவிடப் பொதுவாக அதிகம். இதய நோய், நுரையீரல் நோய், மிகுந்த உடற்பருமன் உள்ளவர்கள் அந்தக் கூடுதல் தொகையைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனையிலேயே செய்துகொள்வது நல்லது. மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

கேள்வி: எனக்கு உள்ளே எல்லாம் இயல்பாக இருக்கிறது என்று மருத்துவரே சொன்னார். ஆனாலும் எட்டு இடங்களில் திசு எடுத்திருக்கிறார். இயல்பாக இருப்பதை ஏன் எடுக்க வேண்டும்? பணத்துக்காகத்தானே?

பதில்: உங்கள் சந்தேகத்தை நான் உடனே தள்ளிவிடப் போவதில்லை, ஆனால் முதலில் மருத்துவரின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கு இயல்பாகத் தெரியும் சவ்வுக்குள் நோய் இருக்கும் என்பதாலேயே பயாப்ஸி என்ற ஒன்று இருக்கிறது. பல மாதங்களாகத் தண்ணீராக வயிற்றுப்போக்கு இருக்கும் ஒருவருக்குப் பெருங்குடல் முழுவதும் பளபளவென்று ஆரோக்கியமாகத் தெரியும். துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் நுண்ணழற்சி தெரியவரும். கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோய்க்குச் சிறுகுடலின் முதற்பகுதியில் குமிழ்ப் பகுதியிலிருந்து ஒன்றிரண்டும், அதற்கு அப்பாலிருந்து குறைந்தது நான்கும் எடுக்க வேண்டும். நோய் சில இடங்களைத் தொட்டுச் சில இடங்களை விட்டுவிடும் என்பதால் ஒரே துண்டை நம்ப முடியாது. உணவு தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொள்கிறது என்பவருக்கு, ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்களால் வரும் உணவுக்குழாய் அழற்சியைத் தேடக் குறைந்தது ஆறு துண்டுகள் வேண்டும். இரைப்பை அழற்சியை மதிப்பிடுவதற்குச் சிட்னி முறை என்று ஒன்று இருக்கிறது. அதன்படி இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இரண்டு, வளைவில் ஒன்று, உடற்பகுதியில் இரண்டு என ஐந்து. இரைப்பை அமிலம் மேலேறி உணவுக்குழாயின் உட்சவ்வு மாறிப்போகும் 'பேரட் உணவுக்குழாய்' உள்ளவர்களுக்கோ, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒருமுறை நான்கு திசைகளிலும் எடுத்துக்கொண்டே வர வேண்டும். ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்கு அப்படி எடுத்தால், துண்டுகள் ஒரு டஜனைத் தாண்டிவிடும்.

துண்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பணத்தை மிச்சம் பிடிப்பது ஆகாது என்று நான் சொல்வது இதனால்தான். அறிகுறிக்கு ஏற்ற அளவு துண்டுகளை எடுக்காமல் வெளியே வந்த எண்டோஸ்கோப்பியை மறுபடி செய்ய நேர்ந்தால், அறைக் கட்டணம் முதல் மயக்க மருந்து வரை அத்தனையையும் இரண்டாம் முறை கட்ட வேண்டியிருக்கும். கூடுதலாக இரண்டு துண்டுகளை அதே குப்பியில் போடுவதற்கு ஆய்வகம் பெரும்பாலும் எதுவும் கேட்பதில்லை.

இனி உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். தேவையில்லாத பயாப்ஸிகளும் நடக்கத்தான் செய்கின்றன. வெறும் அசீரணத்துக்காக வந்தவருக்கு, இயல்பாகத் தெரியும் உணவுக்குழாயிலிருந்து வழக்கமாகத் திசு எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதே வழிகாட்டுதல், அசீரணக்காரர்களிடம் இரைப்பையில் எடுக்கும் ஐந்து துண்டுகளையும் ஒரே குப்பியில் போடலாம் என்கிறது. மாறாக, இரைப்பைச் சவ்வு நலிந்து புற்றுநோயை நோக்கி நகர்கிறதா என்று தரம் பிரிக்க வேண்டிய நோயாளிக்குக் கீழ்ப்பகுதித் துண்டுகளும் உடற்பகுதித் துண்டுகளும் தனித்தனிக் குப்பிகளில் போக வேண்டும். அங்கே சேர்த்துப் போடுவது தவறு. ஆகவே எட்டு என்ற எண்ணை மட்டும் வைத்து நியாயம் பேச முடியாது. "எந்த நோயைத் தேடி எந்த இடத்திலிருந்து எடுத்தீர்கள், எத்தனை குப்பிகளில் அனுப்பினீர்கள், அதற்கு என்ன காரணம்?" என்று கேளுங்கள். காரணம் இருக்கும் மருத்துவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். 'எல்லாருக்கும் அப்படித்தான் அனுப்புகிறோம்' என்பதை ஒரு காரணமாக நான் ஏற்க மாட்டேன். என் துறையினர் சிலர் இதற்காக என்மேல் வருத்தப்படக்கூடும்.

கேள்வி: மயக்க மருந்து இல்லாமல் செய்தால் செலவு குறையும் என்கிறார்கள். தாங்க முடியுமா?

பதில்: இரைப்பை எண்டோஸ்கோப்பியைத் தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்துக்கொண்டு மட்டுமே செய்துகொள்பவர்கள் ஏராளம். ஐந்து முதல் பத்து நிமிட வேலை. குமட்டல் வரும், கண்ணில் நீர் வரும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வலி இராது. திசுவைக் கிள்ளும்போதும் வலிக்காது, ஏனெனில் உட்சவ்வில் அந்த வகையான வலி உணர்வு இல்லை. செலவில் குறைவது மயக்க மருந்தின் விலை மட்டுமல்ல. அதைக் கொடுக்கும் நிபுணரின் கட்டணமும், தெளியும்வரை படுக்கும் இடத்தின் கட்டணமும் சேர்ந்து குறையும். மயக்க மருந்து வாங்கியவர் அடுத்த 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான ஆவணங்களில் கையெழுத்திடக் கூடாது. கூட வர ஓர் ஆளும் வேண்டும். பில்லில் வராத இந்தச் செலவு, அதாவது இருவரின் ஒரு நாள் வேலை, தினக்கூலி வாங்குபவர்களுக்குச் சிறிய தொகையில்லை.

ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனாஸ்கோப்பிக்கு இதை அப்படியே சொல்ல மாட்டேன். குடல் வளைவுகளில் குழாய் இழுபடும்போது வலி வரும். வலி தாங்காமல் பாதியில் நிறுத்தினால், முழுதும் பார்க்காத பரிசோதனைக்குப் பணம் கட்டியதாகிவிடும். பதற்றம் மிகுந்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்த வழி ஒத்துவராது.

கேள்வி: பில்லில் 'ஒருமுறை பயன்படுத்தும் பயாப்ஸி இடுக்கி' என்று தனியாகப் போட்டிருக்கிறார்கள். குழாயைக் கழுவிப் பயன்படுத்துகிறவர்கள் இடுக்கியை மட்டும் ஏன் தூக்கி எறிய வேண்டும்?

பதில்: குழாய் சவ்வின்மேல் நகர்கிறது, இடுக்கி சவ்வைக் கிழிக்கிறது. கிழிக்கும் கருவிக்குக் கிருமிநீக்கம் போதாது, ஒரு கிருமியும் மிஞ்சாத முழுத் தூய்மை வேண்டும். இடுக்கியின் கம்பிச் சுருளுக்குள் நுழைந்த இரத்தத்தைக் கழுவி எடுப்பது கடினம். மறுபயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்ட, நீராவி அழுத்தத்தில் தூய்மை செய்யத்தக்க இடுக்கிகளும் உண்டு. அவற்றை முறையாகக் கையாளும் இடத்தில் இந்தச் செலவு குறையும். ஆனால் ஒருமுறைக்கென்று செய்யப்பட்டதைக் கழுவி மறுபடி பயன்படுத்திச் செலவைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது, யாராவது செய்து தந்தாலும் ஏற்கக் கூடாது. உங்கள் கவலை இடுக்கி இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறதா என்பதாக இருக்கட்டும். சாதாரணமாக ஒரே நோயாளிக்கு ஒரே அமர்வில் ஒரே இடுக்கியால் எல்லாத் துண்டுகளையும் எடுக்கலாம்.

கேள்வி: 'இது வெறும் பரிசோதனை, சிகிச்சை அல்ல' என்று காப்பீட்டு நிறுவனம் என் கோரிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டது. என்ன செய்வது?

பதில்: பல காப்பீட்டுத் திட்டங்கள் நோய் கண்டறிதலையும் சிகிச்சையையும் வெவ்வேறு கணக்கில் வைத்திருக்கின்றன, சில திட்டங்கள் மருத்துவமனையில் அனுமதிக்கப்படாத எந்தப் பரிசோதனைக்கும் தருவதில்லை. ஆகவே முதலில் உங்கள் ஒப்பந்தத்தில் பகல்நேரச் சிகிச்சை, புறநோயாளிப் பரிசோதனை என்ற தலைப்புகளின் கீழ் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அடுத்து, மருத்துவரின் பரிந்துரைச் சீட்டைப் பாருங்கள். 'எண்டோஸ்கோப்பி செய்க' என்று மட்டும் அதில் இருந்தால், கோரிக்கையைப் படிப்பவருக்கு அது ஆசைக்குச் செய்துகொண்ட பொதுப் பரிசோதனையாகத்தான் தெரியும். உங்களுக்கு உண்மையில் இருந்த அறிகுறிகளை, அதாவது இரத்தசோகை, எடை குறைவு, விழுங்குவதில் சிரமம், மருந்துக்கு அடங்காத வாந்தி என எது இருந்ததோ அதை, எவ்வளவு காலமாக என்பதோடு எழுதித் தரும்படி மருத்துவரைக் கேட்டு, மேல்முறையீட்டுடன் இணையுங்கள். இல்லாத அறிகுறியை எழுதச் சொல்லாதீர்கள். பின்னாளில் பெரிய சிகிச்சைக்குக் கோரும்போது அந்தப் பொய்யே உங்கள் வழியை மறிக்கும்.

இனிமேல் செய்துகொள்பவர்கள் முன்னனுமதி கேட்கும்போது பயாப்ஸியையும் திசு ஆய்வையும் சேர்த்தே கேட்க வேண்டும். பரிசோதனையின்போது சிறு வளர்ச்சி ஒன்று கண்ணில் பட்டு அதை அங்கேயே அகற்றிவிட்டால், செய்யப்பட்டது பயாப்ஸி அல்ல, அறுவைச் செயல்முறை. அதன் கட்டணமும் வேறு, காப்பீட்டில் அது விழும் வகையும் வேறு. சில திட்டங்களில் இது நோயாளிக்குச் சாதகமாகும். அறிகுறி இல்லாதவர்களுக்கு முன்னெச்சரிக்கைப் பரிசோதனையை இலவசமாகத் தரும் சில திட்டங்களிலோ, திசு எடுத்த கணத்திலேயே அது 'நோய் கண்டறிதல்' என்று மாறி, நோயாளியின் பங்குத் தொகை சேர்ந்துகொள்ளும். இன்னொரு பொறி, ஆய்வகம். மருத்துவமனை உங்கள் காப்பீட்டின் பட்டியலில் இருந்தாலும், குப்பி அனுப்பப்படும் வெளி ஆய்வகம் இல்லாமல் போகலாம். குப்பி எங்கே போகிறது என்று முன்னமே கேளுங்கள்.

கேள்வி: குழாயே வேண்டாம், மாத்திரை போன்ற கேமராவை விழுங்கினால் போதும் என்று நண்பர் சொல்கிறார். அல்லது இரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடாதா?

பதில்: கேமரா மாத்திரை படம் எடுக்கும், திசு எடுக்காது. அதில் சந்தேகமான ஒன்று தெரிந்தால், மறுபடி குழாய்ப் பரிசோதனைக்குத்தான் போக வேண்டும். அது முதன்மையாகச் சிறுகுடலுக்கான கருவி. இரைப்பைப் புண்ணுக்காக அதை விழுங்குவது இரண்டு செலவு.

ஆனால் பயாப்ஸியே தேவைப்படாத சந்தர்ப்பங்கள் உண்டு. இரைப்பையில் புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வியாக இருந்து, வயது குறைவாகவும் ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாமலும் இருந்தால், மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ போதும். சிகிச்சைக்குப் பிறகு கிருமி போய்விட்டதா என்று பார்க்கவும் பெரும்பாலும் இவையே போதும். குழந்தைகளில் சீலியாக் நோய்க்கான எதிர்ப்புப் பொருள், இயல்பு வரம்பின் பத்து மடங்குக்குக் குறையாமல் இருந்து, இரண்டாம் முறை எடுத்த இரத்தத்தில் மற்றோர் எதிர்ப்புப் பொருளும் உறுதிப்பட்டால், பயாப்ஸி இல்லாமலே நோயை முடிவு செய்ய ஐரோப்பியக் குழந்தை மருத்துவ வழிகாட்டுதல் இடம் தருகிறது. எண்டோஸ்கோப்பி எப்படியும் நடக்கிறது, கிருமியை மட்டும்தான் தேட வேண்டும் என்றால், ஒரு துண்டை யூரியா கலந்த ஜெல்லில் வைத்து நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் விரைவுச் சோதனை, திசு ஆய்வைவிடச் செலவு குறைந்தது. முடிவும் பெரும்பாலும் அன்றே கிடைக்கும்.

புற்றுநோயோ என்ற சந்தேகம் இருக்கும் இடத்தில் இந்தச் சுருக்குவழிகள் எதுவும் செல்லாது.

கேள்வி: குடல் சுத்தமாக இல்லை என்று கொலோனாஸ்கோப்பியைப் பாதியில் நிறுத்தி, மறுபடி வரச் சொல்லிவிட்டார்கள். கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: பெரும்பாலும் முழுதாகக் கிடைக்காது, அறையும் ஆட்களும் மருந்தும் செலவாகிவிட்டன. மறுமுறைக்குச் சலுகை தருவார்களா என்று கேட்கலாம், பல இடங்களில் தருகிறார்கள். பேதி மருந்து முழுவதையும் முந்தைய நாளே குடித்து முடிக்காமல், பாதியை முந்தைய மாலையிலும் மீதியைப் பரிசோதனை நாளின் விடியற்காலையிலும் குடிப்பது குடலை நன்றாகச் சுத்தம் செய்கிறது. உங்கள் நேரம் காலையா மாலையா என்பதற்கேற்ப இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதேபோல் வீணாகும் இன்னொரு செலவு, அமிலம் குறைக்கும் மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டே ஹெலிகோபாக்டர் கிருமியைத் தேடுவது. அந்த மாத்திரைகளை இரண்டு வாரமும், ஆன்டிபயாட்டிக்குகளை நான்கு வாரமும் நிறுத்தியிருக்காவிட்டால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்த்துத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். பயாப்ஸி இரத்தப்போக்கு ஆபத்து குறைந்த செயல்முறை. அதற்காக ஆஸ்பிரினைப் பொதுவாக நிறுத்துவதில்லை. மற்ற மருந்துகளுக்கு மருத்துவர் சொல்வதே முடிவு.

கேள்வி: அறிக்கையில் 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை, இம்யூனோ சோதனை தேவை' என்று எழுதி, அதற்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். வேறு மருத்துவரிடம் போனால், எண்டோஸ்கோப்பியையே மறுபடி செய்யலாம் என்கிறார். எதைக் கேட்பது?

பதில்: மறுபடி குழாய் விடுவதற்கு முன், முதல் ஆய்வகத்துக்குப் போய் உங்கள் மெழுகுக் கட்டியையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். நோயாளிகளில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்தக் கட்டி கெட்டுப்போகாது. ஆய்வகங்கள் அதைப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைக்கின்றன. கையெழுத்து வாங்கிக்கொண்டு, சில இடங்களில் சிறு தொகை பெற்றுக்கொண்டு கொடுப்பார்கள். விரல்நுனி அளவு நெகிழிச் சட்டத்தில் ஒரு துண்டு மெழுகும், அதன் ஓரத்தில் உங்கள் எண்ணும் இருக்கும். அந்த எண்ணும் அறிக்கையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே சரிபாருங்கள். அதை வேறு ஒரு நோய்க்கூறியல் நிபுணரிடம், முடிந்தால் வயிறு குடல் திசுக்களையே அதிகம் பார்ப்பவரிடம், எண்டோஸ்கோப்பி அறிக்கையுடன் கொடுத்தால், மறுபார்வைக் கட்டணம் மட்டுமே ஆகும். எண்டோஸ்கோப்பியை மறுபடி செய்வதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. வெப்பத்தில் மெழுகு உருகும் என்பதால் கட்டியை வெயிலில் நிற்கும் வண்டியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இம்யூனோ சோதனை என்பது, எதிர்ப்பொருள்களைக் கொண்டு திசுவில் குறிப்பிட்ட புரதங்களைத் தேடுவது. அதுவும் அதே கட்டியில்தான் நடக்கும். ஒவ்வோர் எதிர்ப்பொருளுக்கும் தனிக் கட்டணம் என்பதால் தொகை விரைவாக ஏறும். எந்தெந்த எதிர்ப்பொருள், அதன் விடை உங்கள் சிகிச்சையில் எதை மாற்றும் என்று கேளுங்கள். நிணநீர்ப் புற்றா வேறு புற்றா என்று பிரிப்பதற்கும், இரைப்பைப் புற்றில் குறிப்பிட்ட மருந்து வேலை செய்யுமா என்று பார்ப்பதற்கும் இந்தச் செலவைத் தவிர்க்கவே முடியாது. சாதாரண இரைப்பை அழற்சியில் கிருமியைத் தேடுவதற்காக எல்லாருக்கும் இதைச் செய்வது அவசியமில்லை.

எண்டோஸ்கோப்பியை உண்மையிலேயே மறுபடி செய்ய வேண்டிய சந்தர்ப்பங்களும் இருக்கின்றன: துண்டு நசுங்கிப்போயிருந்தாலோ, புண்ணின் மேலிருந்த அழுகல் மட்டுமே வந்திருந்தாலோ, அறிக்கை நல்லது என்று சொன்னபோதும் கண்ணால் பார்த்த மருத்துவருக்குச் சந்தேகம் தீரவில்லை என்றாலோ. இரைப்பைப் புண் சிகிச்சைக்குப் பின் ஆறியதா என்று சில வாரங்கள் கழித்துப் பார்ப்பதும் இந்த வகைதான். இவற்றில் மறுப்பு சொல்லாதீர்கள். முதல் முறை போதிய திசு எடுக்கப்படாததே காரணம் என்றால், கட்டணச் சலுகை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: விழுங்கும்போது சிக்குகிறது, எடையும் குறைகிறது. பயாப்ஸி எடுக்கச் சொன்னார்கள். பணம் சேரட்டும் என்று ஐந்து மாதமாகத் தள்ளிப்போட்டுவிட்டேன். இன்னும் இரண்டு மாதம் பொறுக்கலாமா?

பதில்: பொறுக்கக் கூடாது. விழுங்குவதில் சிரமமும் எடை குறைவும் சேர்ந்து வருவது, நாங்கள் வரிசையைத் தாண்டி முன்னே அழைக்கும் அறிகுறி. இரத்த வாந்தி, கறுத்த மலம், காரணம் தெரியாத இரத்தசோகை ஆகியவையும் அப்படியே. நோய் முற்றிய பிறகு ஆகும் செலவுக்கு முன்னால் இந்தப் பரிசோதனையின் செலவு ஒன்றுமே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் கையில் இல்லாததைத்தான் சொல்கிறீர்கள். ஆகவே வழியைச் சொல்கிறேன்.

இந்த வாரமே அரசு மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். பதிவு செய்யும் இடத்தில் 'வயிற்றுக் கோளாறு' என்று பொதுவாகச் சொல்லாமல், விழுங்க முடியவில்லை, எடை இத்தனை கிலோ குறைந்திருக்கிறது என்று இரண்டையும் சொல்லுங்கள். பரிசோதனைக்கு நாள் தருபவர் அவசரத்தை முடிவு செய்வது அந்த வாக்கியத்தைக் கேட்டுத்தான். முன்பு பார்த்த மருத்துவரின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள், என்ன சொன்னார்கள் என்பதை மறுபடி விளக்க வேண்டியிருக்காது. தனியார் மருத்துவமனைதான் அருகில் இருக்கிறது என்றால், கட்டண மேசைக்குப் போவதற்கு முன் மருத்துவரிடமே பணநிலையைச் சொல்லிவிடுங்கள். மயக்க மருந்து இல்லாமல் தொண்டைத் தெளிப்போடு செய்வது, தேவையற்ற முன்பரிசோதனைகளை விடுவது, ஒரே இடத்துத் துண்டுகளை ஒரே குப்பியில் அனுப்புவது, ஆய்வகக் கட்டணத்தைத் தவணையில் வாங்குவது என்று அவரால் குறைக்கக்கூடியவை பல. கட்டண மேசையில் இருப்பவருக்கு அந்த அதிகாரம் இல்லை. போவதற்கு முன் குறைந்தது ஆறு மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் இருங்கள். உங்களுக்கு உணவு சிக்குகிறது என்பதால் இன்னும் அதிக நேரம் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அன்றே இடம் கிடைத்தால் அன்றே செய்துவிடலாம்.